ஏழாம் தொட்டி மண்

நீலப் புடவையை இரண்டாவது முறையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் லாண்டரிக்காரர். முதல் முறை போட்டதில் குறை ஒன்றும் இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கடையின் பின்கதவைத் திறந்தால் வீட்டுக் கூடம். அங்கே அவர் மனைவி படுத்திருந்தாள். விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் கேட்டாள். அவர் கொண்டு வருவதற்குள் போய்விட்டாள்.

புடவையின் சூடு ஆறுவதற்குள் கட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். குளிர் நாட்களில் அவள் அப்படித்தான் கேட்பாள். கடைக்குள் தலையை நீட்டி, "சூடு ஆறறதுக்குள்ள குடுங்க" என்பாள். வாங்கி முதலில் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

மகள் வந்து புடவையை வாங்கிக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை, அப்பாவின் பிள்ளை. வருகிறவர்கள் செருப்பு விடுவதற்காக வாசல் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாளாம்.

"அப்பா, அம்மா செருப்பு எங்க? எல்லாம் இருக்கு, அது மட்டும் காணோம்."

செருப்பு இல்லையென்றால் அவள் வெளியே போயிருக்கிறாள். அப்படித்தான் அவர் மனம் முதலில் நினைத்தது. முப்பத்தொரு வருடப் பழக்கம். ஆய்வுக்கூடத்துக்குப் போயிருப்பாள், சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் மண் அப்பிக் கறுப்பாக வந்து நிற்பாள், அவர் திட்டுவார். ஒரு நொடிதான் இருக்கும் அந்த நினைப்பு. அந்த நொடி அவ்வளவு நன்றாக இருந்தது. அது போன பிறகு கடை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"இங்கதான் எங்கயாவது கெடக்கும்மா" என்றார்.

கடையில் தொலைவதற்கு வழியே இல்லை. மூன்று சுவரிலும் தட்டுகள், தட்டு நிறையத் துணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் சீட்டு. மேல்தட்டு மட்டும் வேறு கணக்கு. துணியைப் போட்டுவிட்டு வாங்க வராதவர்களின் பொட்டலங்கள் அதில் இருந்தன, பழுப்புக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டி. ஒரு மாப்பிள்ளைக் கோட்டு பதினான்கு வருடமாக அங்கே இருந்தது. 'வராதவங்க தட்டு' என்று அதற்குப் பெயர் வைத்தவளே மனைவிதான். எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாமே, அந்த ஆள் இருக்கிறாரோ இல்லையோ என்பாள். ஆள் இல்லாவிட்டால் வீட்டுக்காரர்கள் வருவார்கள் என்பார் அவர். அடுத்தவர் துணியைத் தூக்கிப் போட்டார் என்ற பேச்சு மட்டும் அவர் தொழிலில் வரக்கூடாது.

வாசலில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. மனைவியின் அண்ணன், கொத்தனார். துக்கம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் சத்தம் போடுவார்கள். மச்சான் சிமெண்ட் குழைப்பார். கேட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது. தங்கையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கால் அதில் இடறிவிடக் கூடாதென்று விடிந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டார். பள்ளத்தில் தூறலில் சேறாகிக் கிடந்த மண்ணை வழித்துச் சாக்கடையில் தள்ளிவிட்டு, கல் போட்டு, கலவை போட்டு, தூறலில் கரையாமல் இருக்கச் சாக்கை விரித்திருந்தார். கண்ணைத் துடைத்த புறங்கையிலும் சிமெண்ட்.

லாண்டரிக்காரருக்கு அதைப் பார்த்ததும் ஏனோ உறுத்தியது. கேட்டுப் பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம் என்று அவள் போன வாரம்கூடச் சொல்லியிருந்தாள். சுத்தக்காரரான அவருக்கு அது பெரிய தண்டனை. ஆனாலும் கழுவவில்லை. இப்போது மச்சானிடம் போய் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

பத்து மணி வாக்கில் லென்ஸ் வந்தாள். ஆய்வுக்கூடத்தில் மனைவியோடு வேலை பார்த்தவள். கனத்த கண்ணாடி போட்டிருப்பதால் அவளுக்கு இந்தப் பெயரை வைத்ததும் மனைவிதான். நாற்பத்தைந்து வயது, ஆனால் இந்த வீட்டில் எல்லாருக்கும் லென்ஸ்தான். கூடத்தில் நீலப் புடவையில் கிடந்தவளின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து முகம் கழுவப் பின்பக்கம் போனாள். நேரமாகியும் திரும்பவில்லை. லாண்டரிக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

பின்கட்டுச் சுவரோரம் தொட்டியின் முன்னால் அவள் குத்தவைத்திருந்தாள். அதில் மஞ்சள் பூச்செடி ஒன்று பூத்துக் குலுங்கியது. லென்ஸ் ஒரு விரலை மண்ணில் விட்டு, எடுத்து, முகர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, இது ஏழாம் தொட்டிதானே?"

"ஆமாம்மா. நல்லா தேய்ச்சுக் கழுவுனேன், அதுல நம்பர் போயிடுச்சு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். கறை போகாது என்று தெரிந்த துணியை வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போது அவரும் அப்படித்தான் பார்ப்பார். அதனால் அந்தப் பார்வை அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"என்னம்மா? சொல்லு."

"இன்னைக்கு எதுக்குண்ணே அதெல்லாம்."

"இன்னைக்குத்தான் சொல்லணும். சொல்லு."

அவருக்குத் தொட்டியின் கதை பாதி தெரியும். கல்யாணமான புதிதிலேயே அவள் சொல்லிவிட்டாள், வேரில் ஒரு பூஞ்சை இருக்கிறதென்று. கண்ணுக்குத் தெரியாத நூலாக மண்ணுக்குள் ஓடி, வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து செடிக்குக் கொடுக்குமாம். செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்குமாம். லாண்டரிக்காரருக்குப் பூஞ்சை என்றால் மழைக்காலத்தில் வெள்ளைச் சட்டையில் பூக்கிற கறும்புள்ளி, பரம்பரைப் பகை. அதற்குப் போய் ஒருத்தி சம்பளம் வாங்கிக்கொண்டு சேவகம் செய்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். அப்படியானால் அதுவும் செடியும் நம்மைப் போலவா என்று கேட்டார். ஆமாம் என்றாள். இதில் யார் செடி, யார் பூஞ்சை என்றார். "அது தெரிஞ்சா வீட்ல சண்டை வந்துடும்" என்றாள்.

ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த கல் குவாரிச் சரிவில், நட்ட கன்றெல்லாம் மூன்று வருடம் தொடர்ந்து கருகின. தானாக முளைத்த ஒரே ஒரு மரம் மட்டும் நடுவில் ஜம்மென்று நின்றது. போனவர்கள் எல்லாம் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்களாம். இவள் குனிந்து அதன் அடி மண்ணை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு தொட்டிகளில் பன்னிரண்டு இடத்து மண். குவாரி மண் இருந்தது ஏழாம் தொட்டியில். அந்த மண்ணைக் கலந்து வளர்த்த கன்றுகள்தான் குவாரியில் பிழைத்தன. அந்தப் பூஞ்சையைத் தனியாகக் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியாது. உயிருள்ள வேர் ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதற்காகவே வருடா வருடம் அந்தத் தொட்டியில் சோளம் போட்டாள், பத்தொன்பது வருடம். போன வருடம் ஆய்வுக்கூடத்தில் மண் பிரிவையே இழுத்து மூடினார்கள். குவாரியைத் திரும்பத் திறந்ததில் அந்த மரமும் பிழைத்த கன்றுகளும் போயிருந்தன. வேலை முடிந்த கடைசி நாள், ஏழாம் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினாள். நாலு சோளத்தட்டைக்காகவா இந்தப் பாடு என்று அவர் கேலி செய்தார். சோளம் வாடகைக்கு வந்தது, வீட்டுக்காரர் கீழே இருக்கிறார் என்றாள்.

இவ்வளவும் அவருக்குத் தெரியும். மிச்சத்தை இப்போது லென்ஸ் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"சோளம் நல்லா வளந்ததும் தண்ணிய நிறுத்திடுவோம்ணே. செடி காயும். செடி காயுதுன்னு தெரிஞ்சதும் பூஞ்சை விதை மாதிரி உருண்டை உருண்டையா வச்சுடும். அப்புறம் அந்தக் காஞ்ச மண்ணுதான் எல்லாமே. பேப்பர்ல சுத்தி நெழல்ல வச்சா வருஷக்கணக்குல தூங்கும். ஒரு வேரு பக்கத்துல வந்தா முழிச்சுக்கும்."

லாண்டரிக்காரர் துவைகல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு அவள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஏழுக்கு இனிமே தண்ணி ஊத்தாதீங்க." பத்தொன்பது வருடம் பிள்ளை மாதிரி பார்த்ததையே கைகழுவிவிட்டாள், அப்படியென்றால் தன்னையும் கைகழுவிவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்று பின்கட்டில் தனியாக நின்று அழுதார். மூன்று வாரத்தில் சோளம் முறுகிச் சருகானது. அவளை வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள் என்றதும், செத்த செடியின் முகத்தில் அவள் விழிக்கக் கூடாது என்று நினைத்தார். மண்ணைக் கொட்டினார். தொட்டியைக் கொதிநீரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு மூன்று தடவை தேய்த்தார். நாற்றுப் பண்ணையில் இருப்பதிலேயே அதிகம் பூத்திருந்த செடியாகப் பார்த்து, அவர்கள் மண்ணோடு வாங்கி வந்து வைத்தார்.

அவள் வந்து பார்த்தாள். பூ அழகாயிருக்கிறது என்றாள். பழைய மண் எங்கே என்று கேட்டாள். கேட்டுப் பள்ளத்தில் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்துவிட்டதாகவும் இனிமேல் யாருக்கும் கால் இடறாது என்றும் பெருமையாகச் சொன்னார். அவள் அவர் கையை இழுத்து விரல்களை விரித்துப் பார்த்தாள். வெந்து தோல் உரிந்திருந்தது.

"பிளீச்சிங் பவுடரா?"

"பின்ன? சும்மா வைப்பேனா?"

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். இந்தப் பதினாறு நாளும் அவர் அந்தச் சிரிப்பை வைத்துத்தான் ஓட்டினார். கடைசியாக ஒரு தடவை அவளைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தார். அவள் எதற்குச் சிரித்தாள் என்று இப்போது அவளிடம் கேட்க வேண்டும். பத்தொன்பது வருடத்தை நான் பாத்திரம் கழுவுவது போலக் கழுவி ஊற்றியிருக்கிறேன், ஏன் என்னைத் திட்டவில்லை என்று கேட்க வேண்டும். இரண்டு நாள் முன்பு கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பாள். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில் பத்தடிதான்.

"உனக்கு அது வேணுமாம்மா?" என்றார்.

வேண்டும் என்றாள் லென்ஸ். குவாரியில் தோண்டி முடித்துவிட்ட மேற்குச் சரிவில் நடுவதற்காகக் கன்றுகள் பையில் நிற்கின்றன, முந்நூறு. எல்லாம் மஞ்சள் பாய்ந்துகொண்டிருக்கின்றன என்றாள். அதற்காகக் கேட்க அவள் இன்று வரவில்லை. ஆனால் பத்து நாள் முன்பு அக்காவே போனில் கூப்பிட்டாளாம்.

"ஏழு பத்திரமா இருக்கு, அவர்கிட்டதான் இருக்கு, எப்ப வேணா வந்து கேளுன்னாங்க. அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார்னு சொன்னாங்க."

பத்து நாள் முன்பு. தொட்டியைக் கழுவியதற்குப் பிறகு. ஆக, தெரிந்த பிறகும் வெளியாளிடம் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. லாண்டரிக்காரர் எழுந்து வாசலுக்குப் போனார். பள்ளத்தின் மேல் மச்சானின் சிமெண்ட் வழவழவென்று இறுகிக்கொண்டிருந்தது. சாக்கடையில் தூறல் தண்ணீர் ஓடியது. அலமாரியில் இடம் போதாமல் படியெல்லாம் செருப்புகள். விடிகாலையிலேயே வந்தவர்கள், மச்சான் மண்ணை வழிப்பதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தை மிதித்து வந்தவர்கள், இன்னும் உள்ளேதான் இருந்தார்கள்.

படியில் உட்கார்ந்து ஒரு செருப்பைத் திருப்பினார். அடிப்பக்கம் ஈரமண் ஒட்டியிருந்தது. சட்டைப் பையில் இருந்த மாத்திரைச் சீட்டை மடித்து, அதன் விளிம்பால் சுரண்டி உள்ளங்கையில் சேர்த்தார். அடுத்த செருப்பை எடுத்தார். உள்ளே இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். சுத்தம் சுத்தம் என்று அலைந்த மனிதர், அதிர்ச்சியில் ஊரார் செருப்பையெல்லாம் துடைக்க உட்கார்ந்துவிட்டார் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

மச்சான் பக்கத்தில் வந்து குனிந்தார். "மாப்ள, வண்டி வர்ற நேரம். எந்திரிங்க."

"நீங்க வழிச்ச மண்ணு மச்சான். அவ மண்ணு அது."

மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தன் கையால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் முகம் சொன்னது. லென்ஸ் வந்து லாண்டரிக்காரரின் கையைப் பிடித்தாள். வேண்டாம் அண்ணே என்றாள். தெரு மண்ணெல்லாம் கலந்திருக்கும், இதில் வேறு நோய்கள் வரும், கன்றுக்குப் போட முடியாது.

உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சேறு. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அவள் மண்ணை மிதித்த கால்கள் இத்தனை. அவள் காலும் மிதித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள். வாசல் வரை நடக்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். அதுதான் அவள் கடைசியாக நடந்த நடை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பள்ளத்தில் நின்று, ஈர மண்ணில் ஒவ்வொரு காலாக அழுத்தி அழுத்தி வைத்தாள். அவரோ, பார், எவ்வளவு கெட்டியாக மிதித்திருக்கிறேன் என்றார். திரும்பும்போது கடையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், வெந்நீர் கொண்டு வாருங்கள் என்றாள். வெந்நீர் கொதிக்க நேரமாகிவிட்டது. கொண்டு வந்தபோது நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள், ஒரு கையில் நூல்கண்டை உருட்டிக்கொண்டு. வெறுங்கால். விரல் இடுக்கில் மண். அவர் முட்டி போட்டுத் துண்டை நனைத்து இரண்டு பாதங்களையும் துடைத்தார். ஏன் வெறுங்காலோடு இருக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. பாதம் இவ்வளவு மெலிந்துவிட்டதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் விட்டார். அதன் பிறகு அவளுக்குச் செருப்பே தேவைப்படவில்லை.

லாண்டரிக்காரர் எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைக்குள் போனார். லென்ஸும் பின்னால் வந்தாள். முக்காலியைப் போட்டு ஏறினார். வராதவர்கள் தட்டில் மாப்பிள்ளைக் கோட்டுக்குப் பின்னால், அவர் கட்டாத ஒரு பொட்டலம் இருந்தது. பழுப்புக் காகிதம், அவர் நூல். ஆனால் முடிச்சு வேறு. கடையில் அவர் போடுவது ஒற்றைச் சுருக்கு. இது ஆய்வுக்கூடத்துப் பைகளுக்குப் போடும் இரட்டை முடிச்சு. அந்த உடம்போடு முக்காலியில் எப்படி ஏறினாளோ. அவருடைய எண் சீட்டு ஒன்றையே எடுத்து அதில் எழுதியிருந்தாள்.

7

கீழே தேதி. வேறு ஒன்றும் இல்லை.

மேசையில் வைத்துப் பிரித்தார். அவளுடைய ரப்பர் செருப்பு, ஒரு ஜோடி. அடிப்பக்கத்து வரிகளிலெல்லாம் மண் காய்ந்து அப்பியிருந்தது. மேல்பக்கத்தில் அவள் குதிகாலும் ஐந்து விரல்களும் அழுந்திய தடம், அதிலும் மெல்லிசாக மண். லென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். மண்ணுக்குள்ளே மயிரிழை போலச் சோளவேர்த் துணுக்குகள் தெரிந்தன.

"இதுதாண்ணே" என்றாள்.

"எவ்வளவு வேணும்?"

"ஒரு ஸ்பூன் போதும். சோளம் போட்டுப் பெருக்கிக்கலாம்."

வாசலில் வண்டி வந்து நின்றது. மச்சான் யாரிடமோ, சிமெண்ட் ஈரம், பார்த்து வாருங்கள் என்று சொல்வது கேட்டது. மகள் கதவருகே வந்து, "அப்பா, எடுக்கப் போறாங்க" என்றாள். மேசையில் இருந்ததைப் பார்த்தாள்.

லாண்டரிக்காரர் இடது செருப்பை எடுத்தார். மண் உதிராமல் புதுக் காகிதத்தில் சுற்றி லென்ஸின் கையில் கொடுத்தார். வலது செருப்பைப் பழைய காகிதத்திலேயே, அது மடிந்திருந்த மடிப்பிலேயே மடித்தார். நூலைக் கட்டினார். ஒற்றைச் சுருக்கு வந்துவிட்டது. அவிழ்த்து இரட்டை முடிச்சாகப் போட்டார். சீட்டைச் செருகினார். முக்காலியில் ஏறி, மாப்பிள்ளைக் கோட்டை நகர்த்தி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பிறகு கையைக் கழுவாமல் கூடத்துக்குப் போனார்.